மூன்றில் ஒரு நொடி

சாரல், கீதம் என்ற இரண்டு காது மிசின்களும் ஒரே வெப்பத்தில் ஒரே மாதிரி திணறியதைப் பார்த்த அன்றுதான் சுகந்திக்கு முதல் சந்தேகம் வந்தது.

பீளமேட்டில் இருந்த நுகர்வோர் சோதனைக் கூடத்தில் காது மிசின் பிரிவு அவள் பொறுப்பு. சந்தையில் இருக்கும் மிசின்களை ஆண்டுக்கொரு முறை கடையில் போய் வாங்கி, உள்ளே இருக்கும் சிப்களைச் சோதித்து, எது என்ன விலை, எது எவ்வளவு வேகம், கொடுத்த காசுக்கு எது அதிகம் உழைக்கிறது என்று அட்டவணை போட்டு வெளியிடுவார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டத்திலும் அந்த அட்டவணை வெளிவரும் நாளுக்காகக் காத்திருக்கும் வீடுகள் இருந்தன.

ஆறு ஆண்டுகளுக்கு முன் வந்த காய்ச்சல்தான் காரணம். அதில் செத்தவர்கள் குறைவு. பிழைத்தவர்களில் இரண்டு லட்சம் பேருக்கு இரண்டு காதும் போயிருந்தது. பழைய காது மிசின் ஒலியைப் பெரிதாக்கித் தரும். இவர்களுக்கு அதை வாங்கிக்கொள்ள நரம்பே மிச்சமில்லை. பிறகு வந்த புது மிசின் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நேராக மூளைக்குச் சொன்னது. அதில் இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டன. கீதம் நான்கு லட்சத்து அறுபதாயிரம். சாரல் நாற்பத்திரண்டாயிரம்.

இரண்டிலும் எல்லாம் கேட்கும். சாரலில் கொஞ்சம் தாமதமாகக் கேட்கும். எதிரே இருப்பவரின் வாய் அசைந்து மூன்றில் ஒரு நொடி கழித்துத்தான் குரல் வரும். டப்பிங் சரியில்லாத படம் பார்ப்பதுபோல.

மூன்றில் ஒரு நொடி என்றால் ஒன்றுமில்லை என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் அதைவிடக் குறைவு. சாரல் மாட்டியவர்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தார்கள். அடுத்தவர் பேச ஆரம்பித்தது தெரியாமல் நடுவில் விழுந்தார்கள். ஊர் அவர்களுக்கு ‘லேட்டு’ என்று பெயர் வைத்தது. “அவன் லேட்டுங்க, வேகமா சொன்னாப் புரியாது” என்று அவர்கள் எதிரிலேயே சொன்னார்கள். பள்ளிக்கூடங்களில் தனி வகுப்பு வந்தது. லேட்டு ஆட்கள் பயணிகள் வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டமும் வந்தது.

சுகந்தி மாட்டியிருந்தது கீதம். அவள் கணவன் சென்னியப்பன் மாட்டியிருந்தது சாரல். வீட்டில் இருந்த பணத்துக்கு ஒரு கீதம்தான் வாங்க முடிந்தது. காதைக் கொண்டு செய்யும் வேலை அவளுடையது என்பதால் அது அவளுக்குப் போயிற்று. இருபது ஆண்டுகள் பஸ் ஓட்டிய சென்னியப்பன் வீட்டில் உட்கார்ந்தான்.

அந்த ஆண்டுச் சோதனையில்தான் வெப்ப விஷயம் வந்தது. சிப்பைச் சூடாக்கிக்கொண்டே போனால் எந்தச் சிப்பும் ஒரு கட்டத்தில் தடுமாறும். எங்கே தடுமாறும், எப்படித் தடுமாறும் என்பது சிப்புக்குச் சிப் மாறும். கைரேகை மாதிரி. சாரலும் கீதமும் ஒரே புள்ளியில், ஒரே விதமாகத் தடுமாறின. சுகந்தி மூன்று முறை செய்து பார்த்தாள். பிறகு இரண்டின் மேல்மூடியையும் அமிலத்தில் கரைத்து நுண்ணோக்கியில் வைத்தாள்.

இரண்டும் ஒன்று. ஒரே ஆலை, ஒரே அச்சு. மூலையில் ஆலைக்காரன் போட்ட கண்ணுக்குத் தெரியாத முத்திரைகூட ஒன்று. உள்ளே இருந்த நிரலைப் படித்தபோது, சாரலில் மட்டும் ஒரு கட்டளை கூடுதலாக எழுதப்பட்டிருந்தது. ஒலியைப் புரிந்துகொண்ட பிறகு முந்நூற்று நாற்பது மில்லிநொடி சும்மா இரு, அப்புறம் கொடு.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பேட்டரி மாற்ற வேண்டும் என்று சொல்லிச் சென்னியப்பனின் மிசினை வாங்கினாள். சாரலின் சாம்பல் நிறக் கூட்டை உடைக்காமல் உள்ளே போக முடியாது. உடைத்து, அந்தக் கட்டளையை அழித்து, சோதனைக் கூடத்தின் கழிவுப் பெட்டியிலிருந்து கொண்டுவந்திருந்த கீதத்தின் நீலக் கூட்டுக்குள் சிப்பை வைத்து மூடினாள். அவன் அதுவரை ஒன்றும் கேட்காமல் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

மாட்டிவிட்டு, “கேக்குதுங்களா?” என்றாள்.

“கேக்குது.”

அவள் கேள்வியின் வாலைத் தொட்டுக்கொண்டு வந்தது பதில். இருவரும் அசையாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“இன்னொருக்கா சொல்லு,” என்றான்.

“என்னத்தச் சொல்ல?”

“எதாச்சும் சொல்லு. வாயும் சத்தமும் ஒண்ணா வருது.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரே சிப் என்பதை, சும்மா நிறுத்தி வைக்கும் கட்டளையை, தான் அதை அழித்ததை. அவன் அழுவான் என்று நினைத்தாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

“போன தை மாசம் உங்கண்ணன் வூட்டு விசேஷத்துல சம்பந்திக்காரர் என்கிட்ட என்ன கேட்டாரு?”

“எதுக்கு இப்ப அது?”

“பஸ்ஸ உட்டுட்டு என்ன பண்றீங்கன்னு கேட்டாரு. என்னத்தான் கேட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீ சொன்ன, அவரு சும்மாதானுங்க வூட்ல இருக்காருன்னு.”

“நீங்க சொல்றதுக்கு நேரமாகுமேன்னு…”

“என்ற பதில் என்கிட்ட இருந்துச்சு! ஆறு வருஷமா ஒவ்வொருக்காவும் இருந்துச்சு. நீ காத்திருக்கல. ஒரு தடவைகூட காத்திருக்கல.”

“நானும் ஆபீஸ்ல வேல செஞ்சுட்டு வந்து இங்க…”

“நடுவுல பேசாத. இன்னைக்கு நான் பேசறேன்.”

ஆறு ஆண்டுகளில் அவர்கள் போட்ட முதல் முழுச் சண்டை அது. அதற்கு முன்பெல்லாம் அவன் பதில் வந்து சேரும்போது அவள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பாள். எல்லாச் சண்டையிலும் அவளே ஜெயித்தாள். அன்று அவள் ஒரு வாக்கியத்தையும் முடிக்கவில்லை. ஒரு மணி நேரம் கத்தியபின் அவன் குரல் கட்டிப்போயிற்று. கடைசியில், “இத மறுபடி பழையபடி ஆக்கிராத,” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான்.

மூன்று வாரத்தில் அவனுக்கு ஓட்டுநர் உரிமம் திரும்பக் கிடைத்தது. காது சோதித்த அலுவலர் நீலக் கூட்டைப் பார்த்தார், ஒலிக்கு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறான் என்று பார்த்தார், கையெழுத்துப் போட்டார். விண்ணப்பத்தில் மிசின் வகை என்ற இடத்தில் சென்னியப்பன் கீதம் என்று எழுதியிருந்தான். சுகந்தி அதைப் பார்த்தாள், அப்படியே மடித்துக் கொடுத்தாள். ஒரு தனியார் கம்பெனியில் காந்திபுரம்–சூலூர் பஸ் கிடைத்தது.

வெளியிடுவதற்கு முன் கம்பெனிகளிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்பது சோதனைக் கூடத்தின் விதி. சுகந்தி இரண்டு கம்பெனிகளுக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினாள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆள் வந்தார்.

ஸ்ரீவத்ஸன் என்று பெயர் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். சென்னைப் பேச்சு. உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க கண்டுபிடிச்சது நிஜம் மேடம். மறுக்கப் போறதில்லை.”

“ரெண்டும் ஒரே சிப்னா எதுக்கு ரெண்டு விலை?”

“ஒரு சிப் செய்ய ஆகிற செலவு பதினஞ்சாயிரம். ஆலை கட்ட ஆன செலவு ஆயிரத்து எண்ணூறு கோடி. அந்தக் கடனைக் கட்டறது யாரு? கீதம் வாங்கறவங்க. அவங்க நாலரை லட்சம் குடுக்கறதாலதான் சாரலை நாப்பத்திரண்டாயிரத்துக்குத் தர முடியுது.”

“அதுக்கு எதுக்கு அவங்களை லேட்டாக்கணும்?”

“வேற எதுக்காக ஒருத்தர் நாலரை லட்சம் குடுப்பார்?” அவர் குரல் உயரவே இல்லை. “எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்டா எல்லாரும் சாரல்தான் வாங்குவாங்க. ஆறு மாசத்துல ஆலையை மூடுவோம். அப்புறம் யாருக்கும் ஒண்ணும் கேட்காது. நாங்க வேகத்தை விக்கலை மேடம். அடுத்தவனைக் காத்திருக்க வைக்கிறதை விக்கிறோம். அதுக்குத்தான் விலை.”

“இதை நான் அப்படியே அச்சுல போடட்டுமா?”

“போடுங்க. சாரல் ஆளுங்க எங்க மேல கோபப்படுவாங்கன்னு நினைக்கறீங்க. முதல்ல உங்க மேல யாரு கோபப்படுவாங்கன்னு பாருங்க.” எழுந்தவர், அவள் காதுக்குப் பின்னால் இருந்த கீதத்தை ஒரு கணம் பார்த்தார். “நீங்களும் நாலரை லட்சம் குடுத்திருக்கீங்களே. உங்களுக்கு வருத்தமா இல்லையா?”

அவளுக்கு வருத்தமாக இருந்தது.

கூடத்தின் இயக்குநர் வரதராஜுலு அறிக்கையை இரண்டு நாள் மேசைமேல் வைத்திருந்தார். “அம்மா சுகந்தி, இது நல்லதுக்கில்ல,” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்த ஆண்டு அட்டவணையில் கீதத்துக்கும் சாரலுக்கும் எல்லாக் கட்டங்களிலும் ஒரே எண் இருந்தது. விலையிலும் தாமதத்திலும் மட்டும் வேறு. கீழே நான்கு வரியில் காரணம்.

மறுநாள் கூடத்தின் வாசலில் கூடியவர்களில் முக்கால்வாசிப் பேர் காதில் நீலம் இருந்தது. சுகந்தியின் ஸ்கூட்டர் டயரைக் கிழித்திருந்தார்கள். ஜன்னலில் கல் விழுந்தது. கூட்டத்துக்கு முன்னால் நின்றவள் கோகிலவாணி என்ற அன்னூர்க்காரி. தோட்டத்தை விற்றுத் தனக்கும் மகளுக்கும் கீதம் வாங்கியவள். கீதம் உபயோகிப்பாளர் சங்கத்துக்கு அவளே தலைவி.

சுகந்தி வெளியே வந்து, “உங்களை ஏமாத்துனது கம்பெனி. பணத்தைத் திருப்பிக் கேளுங்க. நானே சாட்சி சொல்றேன்,” என்றாள்.

“பணத்த யாரு கேட்டா?” என்றாள் கோகிலவாணி. “என்ற மக இன்டர்வியூல நாலு பேருக்கு முன்னால பதில் சொல்லோணும்னு தோட்டத்த வித்தேன். நாளைக்கு அல்லாரும் முன்னால வந்து நின்னா, முன்னாலங்கறதுக்கு என்னங்க அர்த்தம்? அந்த லேட்ட எடுக்கக் கூடாது. அவ்வளவுதான் கேக்கறோம்.”

“அவங்களும் உங்கள மாதிரி காய்ச்சல்ல காது போனவங்கதானேம்மா.”

“அவங்க நாப்பத்திரண்டாயிரம் குடுத்தாங்க. நான் தோட்டத்தக் குடுத்தேன்.”

கூட்டம் கத்தியது. சுகந்திக்கு ஒவ்வொரு வசவும் தாமதமில்லாமல், தெளிவாக, சொன்ன வாயோடு சேர்ந்து கேட்டது.

சாரல் ஆட்களும் திரண்டார்கள். தாமதத்தை நீக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். கம்பெனிகள் இப்போது வேறு கதை சொல்லின. சாரலுக்குப் போவது ஆலையில் சூடு தாங்காத இரண்டாம் தரச் சிப்கள்தான்; நடுவே நிறுத்தி ஆற விடாவிட்டால் சில மாதங்களில் மண்டைத் தோல் வெந்து நரம்பு சேதமாகும்; அந்தத் தாமதமே பாதுகாப்புக்காகத்தான். பொய் என்று சுகந்திக்குத் தெரியும். ஆய்வு மேசையில் சூடு ஏறாததை அவள் காட்டினாள். மேசை வேறு, மனித மண்டை வேறு என்றார்கள். கடைசியில் அரசு விசாரணை வைத்தது. ஜெசிந்தா என்ற அதிகாரி சென்னையிலிருந்து வந்தார்.

தாமதம் நீக்கிய சாரலை மாதக்கணக்கில் தலையில் மாட்டியிருந்த மனிதர் ஒருவரைக் காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. அப்படி ஒருவன்தான் ஊரில் இருந்தான்.

“அஞ்சு மாசமா மாட்டியிருக்கீங்க. ஒரு கொப்புளம்கூட இல்ல. வந்து அதச் சொன்னாப் போதும்,” என்றாள் சுகந்தி.

சென்னியப்பன் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். “லைசென்ஸ்ல கீதம்னு எழுதிருக்கேன்.”

“அத நான் அதிகாரிகிட்ட பேசிக்கறனுங்க. உண்மையச் சொல்ல வந்தவங்க மேல கடுமையா நடக்க மாட்டாங்க.”

அவன் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தான். “சரி, வர்றேன்,” என்றான்.

விசாரணை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கூடத்தில் நடந்தது. வலப்பக்கம் முழுக்க நீலக் கூடு, இடப்பக்கம் முழுக்கச் சாம்பல். இடப்பக்கத்தில் பழைய பஸ் டிரைவர்கள் நாற்பது பேர் சேர்ந்து வந்திருந்தார்கள். சென்னியப்பன் உள்ளே வந்தபோது அவர்களில் சிலர் கையசைத்தார்கள். அவன் பார்க்காததுபோல முன்னால் போனான்.

ஜெசிந்தா அவனை எழுந்து நிற்கச் சொன்னார். “உங்க காதுல இருக்கறது எந்த மிசின்?”

“கீதமுங்க.”

தவறாகக் கேட்டுவிட்டது என்று சுகந்தி நினைத்தாள். அவள் மிசினில் தவறாகக் கேட்க வழியில்லை.

“தாமதம் நீக்கின சாரல்னு உங்க மனைவி எழுதிக் குடுத்திருக்காங்களே?”

“இல்லீங்க. கீதந்தான். அஞ்சு மாசம் முன்னால சம்சாரம் வாங்கிக் குடுத்தா.”

வலப்பக்கத்தில் முதலில் கை தட்டியவள் கோகிலவாணி. கம்பெனி வக்கீல் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார். ஜெசிந்தா பத்து நிமிடம் இடைவேளை விட்டார்.

நடைபாதையில் சுகந்தி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். “என்ன காரியம் பண்ணியிருக்கீங்க?”

“கைய எடு. ஆளுங்க பாக்கறாங்க.”

“உள்ள ஒக்காந்திருக்கறவங்க யாருன்னு தெரியுமில்ல? உங்ககூட டூட்டி பாத்தவங்க.”

“தெரியும். நாப்பது பேரு. பாதிப் பேரு என்னைவிட சர்வீஸ் எச்சா. நாளைக்கு அவங்களுக்கெல்லாம் காது சரியாயிட்டா நேரா எங்க கம்பெனி வாசல்லதான் வந்து நிப்பாங்க. பஸ் எத்தன? ஆறு. அப்ப நான் எங்க போவேன்?”

“நீங்களும் அவங்ககூட நின்னவருதான.”

“நின்னேன். ஆறு வருஷம் நின்னேன். போதும்.” அவன் சட்டையைச் சரிசெய்துகொண்டான். “நீ என்னைக்காச்சும் நின்னயா? உனக்கு மொத நாளே கீதம். ஊருக்கு நாயம் பேசற. என்ற காத எடுத்துக் காட்டி நாயம் பேசற.”

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள்.

ஜெசிந்தா கோப்பை மூடப் போனார். சுகந்தி எழுந்தாள்.

“மேடம், இவர் காதுல இருக்கற நீலக் கூடு எங்க ஆபீஸ் கழிவுப் பெட்டியிலேருந்து நான் எடுத்தது. உள்ள இருக்கறது சாரல். சிப்ல நம்பர் இருக்கும். திறந்து பாருங்க.”

“இது நிஜமா இருந்தா உங்க கணவர் பொய்ச்சாட்சி சொன்னதா ஆகும். லைசென்ஸும் போகும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரிஞ்சுதான் சொல்றேன்.”

அவள் எண்ணைச் சொன்னாள். பதினோரு இலக்கம். ஒரு எழுத்தர் எழுதிக்கொண்டார்.

சென்னியப்பன் அவளையே பார்த்தான். “சொல்லிட்டயா,” என்றான், மெதுவாக. பிறகு தானே காதுக்குப் பின்னால் கை வைத்து மிசினைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

அதன்பின் ஒன்றரை மணி நேரம் அவனைப் பற்றியே பேசினார்கள். மிசினைத் திறந்தார்கள், எண் சரியாக இருந்தது. அரசு மருத்துவர் அவன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தச் சேதமும் இல்லை என்று எழுதினார். இடப்பக்கம் எழுந்து ஆரவாரித்தது. கோகிலவாணி தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். நடுவில் சென்னியப்பன் ஒன்றும் கேட்காமல், எல்லோர் வாயையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான். என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்ட யாருக்கும் தோன்றவில்லை. சுகந்திக்குத் தோன்றியது. அவன் அதை வாங்கிக் கிழித்துப் போடுவான் என்று பயந்து அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

நாற்பதாவது நாள் உத்தரவு வந்தது. எல்லாச் சாரல்களிலும் தாமதத்தைச் செலவின்றி நீக்க வேண்டும். முகாம்களில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது பக்கத்தில் நின்றவரோடு பேசிக்கொண்டே வந்தார்கள்; சிலர் பேச்சை நிறுத்தவே இல்லை. பள்ளிக்கூடங்களில் தனி வகுப்புகளைக் கலைத்தார்கள். பயணிகள் வண்டிச் சட்டம் போயிற்று.

சென்னியப்பனுக்கு உரிமம் இரண்டு ஆண்டு ரத்து. அவன் மிசின் சாட்சிப் பொருளாக முத்திரை வைக்கப்பட்டது. பதிலுக்குக் கொடுத்த சாரலில் நாற்பது நாளும் தாமதம் இருந்தது. கடைசியில் வரிசையில் நின்று அதையும் நீக்கிக்கொண்டான். காந்திபுரம்–சூலூர் பஸ்ஸை அவனோடு முன்பு வேலை பார்த்த அந்த நாற்பது பேரில் ஒருவர் ஓட்டினார். அவன் காங்கேயத்தில் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான். சுகந்தி போன் செய்தால் எடுக்கவில்லை.

ஆலையை மூடவில்லை. எட்டு மாதத்தில் கம்பெனி ஒரு புது மிசினைக் கொண்டுவந்தது. ஒன்பது லட்சம். முதல் நாளே வாங்கியவர்களில் கோகிலவாணி ஒருத்தி. வீட்டை அடமானம் வைத்திருந்தாள். அந்த ஆண்டு அட்டவணைக்காகச் சோதனைக் கூடத்துக்கும் ஒன்று வந்தது. அவர்கள் கடையில் வாங்கும்வரை காத்திராமல் ஸ்ரீவத்ஸனே எடுத்து வந்தார்.

“இதுல யாரையும் காத்திருக்க வைக்கலை மேடம். நீங்க சொன்ன குறையைத் தீர்த்துட்டோம்.”

“அப்புறம் எதுக்கு ஒன்பது லட்சம்?”

“எதிராளி பேச ஆரம்பிச்சதும் மீதியை இதுவே கணிச்சு அவர் குரல்லயே முன்னாடி சொல்லிடும். அவர் முடிக்கிறதுக்குள்ள நீங்க பதிலோட தயாரா இருக்கலாம். நம்ம தமிழ்ல வினைச்சொல் கடைசியில வருது பாருங்க, அதான் கஷ்டமா இருந்தது. இப்போ அதையும் பிடிச்சுட்டோம். எப்பவாவது தப்பினா ஒரு சின்ன மணி அடிச்சு, அவர் நிஜமா சொன்ன சொல்லைக் குடுத்துடும்.”

நூறு வாக்கியம் சோதிக்க வேண்டும் என்பது கணக்கு. சுகந்தி அதை மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடமாடினாள். காய்கறிக்காரர், வரதராஜுலு, பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண், மருந்துக் கடைக்காரர். ஒவ்வொருவரும் பேச வாயெடுத்ததும் மீதி அவளுக்குக் கேட்டது. பிறகு அவர்கள் உதடு சத்தமில்லாமல் அதையே சொல்லி முடித்தது. ஒருமுறைகூட மணி அடிக்கவில்லை. மாலை வீட்டுக்கு வரும்போது தொண்ணூற்றொன்பது ஆகியிருந்தது.

வாசலில் சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தான். இளைத்திருந்தான். அவள் பூட்டைத் திறந்தாள். அவன் உள்ளே வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“யோசிச்சுப் பாத்துட்டேன் சுகந்தி, நான் இனி இந்த வூட்டுக்கே…”

“…வந்தர்றேன்,” என்று கேட்டது. அவன் குரல். அதே கரகரப்பு.

“வாங்க,” என்றாள் சுகந்தி. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “வாங்க, அதுக்கென்ன.”

அவன் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அவள் காதில் ஒரு சின்ன மணி அடித்தது.

“…வரமாட்டேன்.”

அவன் அவளை விநோதமாகப் பார்த்தான். “நான் வரமாட்டேங்கறேன். நீ வாங்கங்கற?”

“ஒண்ணுமில்லீங்க.”

“துணி எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்.”

அவன் அறைக்குள் போய்ப் பையை நிரப்பிக்கொண்டு வந்தான். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

சுகந்தி மிசினைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதனைப் படிவத்தை எடுத்தாள். கேட்ட வாக்கியங்கள்: நூறு. சரியாகக் கணித்தவை: தொண்ணூற்றொன்பது. தொண்ணூற்றெட்டுக்கு மேல் வந்தால் திறன் என்ற கட்டத்தில் ‘மிக நன்று’ என்று போட வேண்டும் என்பது விதி.

அவள் அப்படியே போட்டுக் கையெழுத்திட்டாள்.